கை திருப்பாத ஸ்கேனர்

அண்ணி கண்ணாடி பார்த்து நான் பார்த்ததில்லை. நெற்றிப் பொட்டு நகர்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், பேக்கிங் மேசையில் இருக்கும் தட்டிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து அதன் அடிப்பக்கத்தை முகத்துக்கு நேராகப் பிடிப்பார். உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கிண்ணம் அது. இருசக்கர வண்டியின் பிரேக்குக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அதை எவரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் எங்கள் ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது அதில் முகம் தெரிய வேண்டும் என்பது அண்ணியின் சட்டம். தெரியவும் செய்தது. பொட்டைச் சரிசெய்துகொண்டு, பிஸ்டனைத் துணியால் இன்னொரு தரம் தேய்த்து, எடுத்த இடத்திலேயே வைப்பார். கணவர் போன பிறகு இந்த அம்மாளுக்குப் பொட்டு எதற்கு என்று ஊரில் இரண்டொருவர் முணுமுணுத்ததாகக் கேள்வி. அவரிடமே நேரில் கேட்கும் துணிச்சல் மட்டும் யாருக்கும் வரவில்லை.

அவர் எனக்கு உறவில்லை. முடிச்சூரில் குடும்பத்துக்குச் சொந்தமான நெல் வயலில் ஷெட் போட்டு, உலோகம் கடையும் நாலு லேத்துடன் பட்டறை தொடங்கியவர் அவருடைய கணவர். கணவரின் தம்பி அவரை அண்ணி என்று கூப்பிட, லேத் ஓட்டுகிறவர்கள், பேக்கிங் பெண்கள், டீ கொண்டுவருகிறவர் என்று எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். குரோம்பேட்டை காலனியில் வளர்ந்து, இன்ஜினியரிங் முடித்து, தரம் பார்க்கும் வேலைக்கு அங்கே போய்ச் சேர்ந்த நானும் முதல் வாரம் "மேடம்" என்றுதான் கூப்பிட்டேன். "மேடமெல்லாம் பேங்குல கூப்புடு. இங்க அண்ணின்னு கூப்புடு, இல்லன்னா ஏய்னு கூப்புடு" என்றார். ஏய் என்று கூப்பிடும் தைரியம் எனக்கு இல்லாததால் அண்ணியே நிலைத்தது.

அந்தத் தம்பி, அண்ணியின் கொழுந்தனார், மனை வாங்கி விற்கும் தொழிலில் இருந்தார். கெட்டவர் என்று சொல்லவே மாட்டேன். நிலம் அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவானது; ஷெட்டைச் சுற்றி நாலு பக்கமும் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது; ஒரு பில்டர் இவரிடம் நல்ல விலை பேசிக்கொண்டே இருந்தார். அண்ணன் இருந்தவரை வாய் திறக்காதவர், ஒரு நாள் ஆபீஸ் அறையில் என்னை வைத்துக்கொண்டே பேசிவிட்டார்.

"அண்ணி, நான் உங்களுக்கு எதிரி இல்ல. சுத்திப் பாருங்க, எல்லாம் ஃபிளாட்டா ஆயிகினு கீது. வெள்ளத்துல மெஷினெல்லாம் முழுகிச்சு. மண்ண வாரிக் கொட்டிட்டு மறுபடி ஓட்டுனீங்க. இன்னும் எத்தினி வாட்டி? ஆர்டர் கீற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆர்டர் போச்சுன்னா கையெழுத்துப் போட்டுடலாம்."

"சரி தம்பி. போட்டுடலாம்" என்றார் அண்ணி. "ஆனா ஆர்டர் போவாது."

அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் ஆர்டர் போகும் வழியில்தான் இருந்தது. எங்களுக்கு இருந்ததே ஒரே பெரிய வாடிக்கையாளர், ஒரகடம் பக்கத்துப் பிரேக் கம்பெனி. ஒவ்வொரு பிஸ்டனின் அடியிலும் லேசரால் ஒரு குறியீடு பொறிக்க வேண்டும் என்று அவர்கள் புதிதாக விதி போட்டிருந்தார்கள். கடைச் சாமான்களில் இருக்கும் பட்டைக் கோடு அல்ல. விரல் நகத்தைவிடச் சிறிய சதுரத்துக்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். ஆனாலும் ஷெட்டில் எல்லோரும் அதைப் பார்கோடு என்றே சொன்னோம். எந்த எஃகுக் கம்பியில் வெட்டியது, எந்த மெஷினில் கடைந்தது, எந்த நாள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். நாளைக்கு ஏதோ ஒரு வண்டியின் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போனால், அதோடு பிறந்த பிஸ்டன்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி எடுத்துவிடலாம். நல்ல விதிதான். ஆனால் நாங்கள் அனுப்பும் பிஸ்டன்களின் குறியீட்டை அங்கிருந்த ஸ்கேனர் படிக்கவில்லை. படிக்காத ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய பிரேக் பூட்டும் லைன் நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு வசவு வந்தது.

எரிச்சல் என்னவென்றால், எங்களிடம் எல்லாவற்றையும் ஸ்கேனர் படித்தது. பேக்கிங் பெண்கள் ஒவ்வொரு பிஸ்டனையும் கை ஸ்கேனரில் காட்டி, பீப் என்ற சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் போடுவார்கள். அங்கே படிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிய பெட்டியைப் பிரித்தால், அதே பிஸ்டன் இங்கே முதல் முயற்சியிலேயே பீப் என்கிறது. அவங்க மெஷின்தான் பேஜார் மெஷின் என்று பேக்கிங் மேசையில் ஒருமனதாகத் தீர்ப்பாகிவிட்டது. வேண்டுமென்றே கழட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று லேத் பக்கம் பேச்சு. நான் என் பங்குக்கு லேசரின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போனேன். கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருந்தால் படித்துத்தானே ஆக வேண்டும்? கூட்டக் கூட்டப் புள்ளிகள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, சுற்றிலும் பழுப்பு நிறத்தில் தீய்ந்த வளையம் வந்தது. தோசை தீய்ந்தால் அடுப்பைக் கூட்டுகிறவளைப் போல நான் செய்துகொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து கடைசி எச்சரிக்கை போனில் வந்தது.

போனை வைத்த அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார். "கெளம்பும்மா இன்ஜினியரு. இங்க உக்காந்து அவன் சொல்றது நெசமா பொய்யான்னு பேசிகினு கீறதுல புண்ணியமில்ல. அங்கியே போய் நின்னு பாக்கலாம்."

போய் நின்றோம். லைனுக்கு மேலே ஒரு கம்பத்தில் ஸ்கேனர் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. கீழே ஒரு குழி. ஆபரேட்டர் பிஸ்டனைக் குழியில் வைப்பார், மேலிருந்து வெளிச்சம் அடிக்கும், பச்சையோ சிவப்போ விளக்கு எரியும். எங்கள் பிஸ்டன்களுக்குச் சிவப்பே திரும்பத் திரும்ப எரிந்தது. பக்கத்துத் திரையில் ஸ்கேனர் பார்ப்பது என்னவென்று தெரிந்தது: வெறும் வெள்ளை. குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் சூரியனைக் கண்ணாடியில் பிடித்துக் கண்ணில் அடித்த மாதிரி ஒரு கூச்சம். அப்புறம் இன்னொரு பெட்டியைப் பிரித்தார்கள். பச்சை. பச்சை. மறுபடியும் பச்சை. பெட்டி முழுக்கப் பச்சை. ஆபரேட்டரே வியந்துபோய் எங்களைப் பார்த்தார். அண்ணி அந்தப் பெட்டியைத் திருப்பி மேலே ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தார். முகம் மாறியது.

"இது ஆடிக் கூழு ஊத்துனமே, அன்னிக்குப் போட்ட பெட்டி."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்காக ஷெட்டைத் திறந்து வைத்திருந்தோம். ஆனால் பேக்கிங் பெண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போய்விட்டார்கள், அண்ணியும்தான். கோயிலில் முதல் குடம் அவர் வீட்டுக் குடம். லேத் ஆட்கள் இரண்டு பேர் லேசர் அடித்த பிஸ்டன்களை அப்படியே அள்ளிப் பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டார்கள். பாலிஷ் போடவில்லை. யாரும் துணியால் தேய்க்கவில்லை. பிஸ்டன்கள் மந்தமாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தன. அவற்றைத்தான் ஸ்கேனர் படித்தது. முகம் தெரிகிற பிஸ்டனில் வெளிச்சம் பட்டு அப்படியே ஸ்கேனரின் கண்ணுக்குள் திரும்பிப் போய், புள்ளிகளை விழுங்கிவிட்டது.

"அப்போ நம்மகிட்ட மட்டும் எப்டிப் படிச்சிது?" என்றார் அண்ணி.

நான் பிஸ்டனைக் கையில் எடுத்து, பேக்கிங் பெண்கள் செய்வதைச் செய்து காட்டினேன். ஸ்கேனருக்கு முன்னால் மணிக்கட்டை லேசாகத் திருப்பி, கூச்சம் விலகி பீப் வரும் வரை சாய்த்துப் பிடிப்பார்கள். அவர்களுக்கே தெரியாமல் கை அதைப் பழகிவிட்டிருந்தது. சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, கண் சிமிட்டுகிற மாதிரி வந்தது. கம்பத்தில் மாட்டிய ஸ்கேனருக்கு மணிக்கட்டு கிடையாது. அண்ணி காற்றில் ஒரு தடவை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எங்களுக்கு முதல் ஆர்டர் கிடைத்ததே அந்தப் பளபளப்பைப் பார்த்து என்பதும், அந்தப் பாலிஷைத் தொடங்கிவைத்தது அவர்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஷெட்டில் பெரிய ரகளை. பாலிஷ் வேண்டாம், துணியே படக்கூடாது என்று அண்ணி சொன்னதும் பேக்கிங் அக்கா, அந்த மேசைக்கே தலைவி மாதிரி இருந்தவர், எழுந்து நின்றுவிட்டார்.

"பாலிஷ் போடாம அனுப்புனா நம்ம பேரு இன்னாவறது அண்ணி? நாளைக்கு எவனாவது பாத்து, இன்னா இது அழுக்கா கீதுன்னு கேட்டா?"

"கேக்கட்டும்டி. அந்தச் சதுரத்துக்குள்ள எழுதியிருக்கறதுதான் நம்ம பேரு. அது படிக்கலன்னா நம்ம யாருன்னே அவனுக்குத் தெரியாது. பளபளன்னு வச்சிகினு இன்னா பண்றது?"

பேக்கிங் அக்கா பாலிஷ் துணியைச் சுருட்டி மேசைக்கு அடியில் எறிந்தார். இரண்டு நாள் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி அதைக் கண்டுகொள்ளாமல், தெருமுனை வெல்டிங் கடையில் ஒரு இரும்புக் கம்பம் அடிக்கச் சொல்லி, எங்கள் கை ஸ்கேனரை அதில் இறுக்கிக் கட்டவைத்தார். இனி யாரும் கையில் பிடித்துப் படிக்கக் கூடாது. அன்றைக்கு எங்கள் மேசையிலேயே, ஏற்கெனவே பாலிஷ் போட்டு வைத்திருந்த பிஸ்டன்களில் பாதிக்கு மேல் படிக்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவங்க மெஷின்தான் பேஜார் என்ற பேச்சு அத்துடன் நின்றது.

பாலிஷை நிறுத்தியதில் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். கடைசலில் விழும் வட்ட வட்டக் கீறல்கள் சில நாள் மினுங்கின, சில நாள் மங்கின. ஸ்கேனர் அந்தக் கீறல்களையும் புள்ளி என்று நினைத்துக் குழம்பியது. அதனால் இரண்டு படியாகச் செய்து பார்த்தோம். முதலில் லேசரை மெல்ல ஓட்டி அந்தச் சின்னச் சதுரத்தை மட்டும் சுண்ணாம்பு பூசிய சுவர் போல மந்தமான வெள்ளையாக்குவது. பிறகு அதன்மேல் சக்தியைக் குறைத்து, ஒட்டாத, தீயாத புள்ளிகளை அடிப்பது. என் அடுப்பு இப்போதுதான் அடங்கி எரிந்தது. ஒரு பிஸ்டனுக்கு ஆகும் நேரம் கூடியது, ஆனால் பாலிஷுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் மிச்சமானதால் கணக்கு சரியாகிவிட்டது. கம்பத்தில் கட்டிய ஸ்கேனர் ஒன்று விடாமல் படித்த நாளில் பேக்கிங் அக்கா தானாகவே வந்து அண்ணியிடம் ஒரு டம்ளர் டீயை நீட்டினார்.

கம்பெனியின் தர அதிகாரி மட்டும் அசையவில்லை. "மேடம், வரைபடத்துல இந்த வெள்ளைச் சதுரம் இல்ல. எங்க ஆளுங்க கறைன்னு சொல்லி ரிஜெக்ட் பண்ணுவாங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அண்ணி அதற்கு அடுத்த நாளும் போனார், அதற்கு அடுத்த நாளும் போனார். வரவேற்பறைச் சோபாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரும் விருந்தாளியை எதிர்பார்த்திருக்கிற மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். வேறு வழியில்லாமல் ஒரு நாள் அதிகாரி இறங்கிவந்தார். ஒரு தட்டு கொண்டுவாருங்கள், எங்கள் லைனில் ஓட்டிப் பார்ப்போம், முழுதும் படித்தால் மேலே பேசி ஒப்புதல் வாங்கித் தருகிறேன், ஒன்று தவறினாலும் இந்தப் பேச்சு இத்தோடு சரி என்றார்.

தீபாவளிக்கு முந்தின வாரம். கொழுந்தனார் தன் காரிலேயே எங்களை அழைத்துப்போனார். எப்படியும் முடிவு தெரிந்தாக வேண்டியவர் அவர். அதே லைன், அதே நடுத்தர வயது ஆபரேட்டர். எங்கள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் வைத்தார். பச்சை, பச்சை. நான் மூச்சு விடுவதைக்கூட அந்த விளக்கைக் கேட்டுக்கொண்டு விட்டேன். தட்டு முக்கால்வாசி காலியாகியிருந்தது. யாரோ கூப்பிட்டதால் அதிகாரி திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பிஸ்டனுக்குச் சிவப்பு எரிந்தது. ஆபரேட்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். தெரிந்தும் தெரியாமலும் விரல் நுனியைப் பிஸ்டனின் விளிம்புக்கு அடியில் கொடுத்து லேசாக நெம்பினார். பச்சை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சாய்வை நான் அத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

"அண்ணா, கைய எடுங்க" என்றார் அண்ணி.

"உங்களுக்காகத்தாம்மா..."

"எனக்காகத்தான் சொல்றேன். நாளைக்கு லைன் ஓடும்போது உங்க வெரலு இங்க இருக்காது. அது பிரேக்குக்குப் போற பொருளு."

ஆபரேட்டர் விரலை எடுத்தார். சிவப்பு சிவப்பாகவே நின்றது. அதிகாரி திரும்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அந்த நிமிஷம் அண்ணி மேல் வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். ஒரு விரல்தானே! யாருக்குத் தெரியப்போகிறது! அத்தனை நாள் அலைச்சல், பேக்கிங் மேசையின் அத்தனை பேர் சம்பளம், எல்லாம் அந்த விரல் நுனியில் இருந்ததே! பின்னால் நின்ற கொழுந்தனார் எல்லாவற்றையும் பார்த்தார். அந்தச் சிவப்பு விளக்கு தன் கைக்கு நிலத்தைக் கொடுக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது அண்ணிக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஷெட் இன்றும் முடிச்சூரில் இருக்கிறது. நாலு பக்கமும் அடுக்குமாடி, பால்கனிகளில் துணி காய்கிறது, நடுவில் தகரக் கூரைக்கு அடியில் லேத் ஓடுகிறது. நான் இப்போது வேறொரு கம்பெனியில், பொருள் சப்ளை செய்கிறவர்களின் பட்டறைகளுக்குப் போய்த் தரம் பார்க்கிறேன். எங்கே போனாலும் முதலில் ஸ்கேனர் கையில் இருக்கிறதா, கம்பத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். அந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும், இரண்டாவது வாய்ப்புக் கிடைத்ததா என்றே கேட்கிறார்கள். கிடைத்தது. விரலை எடுக்கச் சொன்னதை ஆபரேட்டரே அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். மறுவாரம் இன்னொரு தட்டு கொண்டுவரச் சொல்லி போன் வந்தது, அந்தத் தட்டு முழுதும் படித்தது, வெள்ளைச் சதுரம் வரைபடத்திலும் ஏறியது. ஆனால் அந்த போன் வரும்வரை ஷெட்டை விற்காமல் வைத்திருக்க வேண்டுமே. சொன்ன சொல்படி பார்த்தால் அன்று மாலையே அண்ணி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவர் போடத் தயாராகவும் இருந்தார்.

அன்று திரும்பும்போது வண்டலூர் தாண்டியதும் நெரிசல் பிடித்துக்கொண்டது. பெருங்களத்தூரில் கார் நின்றேவிட்டது. ஊருக்குப் போகிற கூட்டம் பையும் பிள்ளையுமாக ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. முன் சீட்டில் இருந்த அண்ணியின் மடியில் அந்தப் படிக்காத பிஸ்டன். கொழுந்தனாரின் போன் அடித்தது. திரையில் பில்டரின் பெயர். மூன்று பேருமே பார்த்தோம்.

"எடுத்துப் பேசு தம்பி" என்றார் அண்ணி, சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "சொன்னது சொன்னதுதான். நான் மாற மாட்டேன்."

அவர் எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. முன்னால் நின்ற பஸ்ஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "அதக் குடுங்க அண்ணி" என்று கையை நீட்டினார். பிஸ்டனை வாங்கி, பக்கத்துக் கடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணன் இருந்த காலத்தில் அவரும் லேத்தில் நின்றவர்தான். பிறகு பிஸ்டனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மேடம், இங்க பாருங்க. இந்த ஓரம் மட்டும் மங்கலா கீது. மத்ததுல எல்லாம் அப்டி இல்லியே?"

நான் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். சதுரத்தின் ஒரு ஓரத்தில் புள்ளிகள் கலங்கியிருந்தன. லேசர் அடிக்கும்போது பிஸ்டன் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், அடியில் ஏதோ துணுக்கு சிக்கியிருக்கும் என்றேன். அவர் தலையாட்டினார். அண்ணி இன்னும் திரும்பவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொள்வது மட்டும் தெரிந்தது. அவர் அழுது நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை கொழுந்தனார் எடுத்தார். பிஸ்டன் அவர் இடது கையிலேயே இருந்தது.

"சார், இன்னிக்கு ஆவாது சார். நாளைக்கும் ஆவாது" என்றார். "இங்க ஒரு பீஸ் படிக்கல. அது ஏன்னு பாக்கணும்."